வினவும் முறை

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு, இரண்டாம் ஆண்டு மாணவன்)

வினாவுதல் எளிது, விடையிறுத்தலே அரிது என்பது தேர்வெழுதும் மாணவராகிய நம்மனோர் எல்லார்க்கும் உள்ள எண்ணம். யானும் சென்ற ஆண்டுவரையில் அவ்வாறே எண்ணியிருந்தேன். தேர்வுக் கூடத்தில் எம் முன் வைக்கப்படும் வினாத்தாளைக் கண்டு நடுங்கியதன்றி, அதனை இயற்றியவர் பட்ட பாட்டை ஒருநாளும் நினைத்தேனல்லேன். வினாக்களை யானே இயற்ற நேர்ந்தபொழுதுதான், விடை பிழைபடுவதற்குப் பெரும்பாலும் வினாவே காரணமாகும் என்பது விளங்கிற்று. அது விளங்கிய வகையையும், அதன்பின் நூல்களிற் கண்டறிந்த சிலவற்றையும் இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றேன்.

எங்கள் சமூகத் தொண்டுக் குழுவினர், அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் எழுத்தறியாப் பெண்களுக்கு வகுப்பு ஒன்று தொடங்க எண்ணினர். எந்நேரத்தில் வகுப்பை வைப்பது, எதனைக் கற்பிப்பது என்பவற்றைத் துணிதற்கு முன்னர் வீடுதோறும் சென்று வினாவி வருதல் வேண்டுமென்று முடிவாயிற்று. தமிழ் பயில்பவன் என்ற காரணத்தால் வினாக்களை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரே மாலைப்பொழுதில் இருபது வினாக்களை எழுதி முடித்தேன். சொற்றொடர்கள் செவ்விதின் அமைந்தன என்ற மகிழ்ச்சியும் எனக்கு உண்டாயிற்று. அவற்றுள் ஒன்று, 'இவ்வீட்டில் வேலை செய்வோர் எத்தனை பேர்? அவர் யாவர்?' என்பது.

வீடுதோறும் ஏறத்தாழ ஒரே விடை வந்தது. 'ஒருவர், கணவர்' என்றோ, 'இருவர், கணவரும் மகனும்' என்றோ எழுதிக்கொண்டு வந்தோம். இவ்வூர்ப் பெண்டிர்க்கு வேலை இல்லை, ஆதலின் நண்பகலுக்குப் பின் ஓய்வாக இருப்பர் என்று கணக்கிட்டு, பிற்பகல் 2 மணி முதல் 4 மணிவரை வகுப்பை வைத்தோம். முதல்நாள் மூவர் வந்தனர். அவ்வாரம் முடிவதற்குள் ஒருவரும் வாராதொழிந்தனர். அதன்பின்னரே உண்மை தெரியவந்தது. அத்தெருவில் அனைவரும் பீடி சுற்றுகின்றனர். இரவில் இலையை ஊறவைத்து, காலையில் அதனை அளவாக வெட்டி, வீட்டு அலுவல்களுக்கு இடையிடையே சுற்றி, மாலையிற் கடைக்குக் கொண்டுசென்று எண்ணிக் கொடுக்கின்றனர். எண்ணிக்கையை நிரப்புதற்கு அவர்கள் விரைந்து கொண்டிருக்கும் பிற்பகலையே ஓய்வு நேரம் என்று யாங்கள் குறித்திருந்தோம்!

இதில் எனக்கு நாணம் தருவது யாதெனின், இதனை யான் கண்ணாற் கண்டிருந்தேன் என்பதே. திண்ணையில் அமர்ந்து மடியிற் சுளகை வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மையார், விரல்களை நிறுத்தாமலேயே எனக்கு விடை கூறினார். "வேலையா? அவர்தான் போகிறார், தம்பி. நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்றார். அவர் கையில் ஒரு பீடி உருவாகிக் கொண்டிருந்தது. யானோ தாளைக் குனிந்து நோக்கி, 'இல்லை' என்று எழுதினேன். அவர் பொய் கூறவில்லை. வேலை என்பது அவர் வழக்கில், வெளியே சென்று கூலிக்கோ சம்பளத்திற்கோ செய்வது. வீட்டிலிருந்து செய்வதற்கு அவர் வழங்கும் சொல் வேறு. யான் என் பொருளில் வினாவினேன். அவர் தம் பொருளில் விடையிறுத்தார். இரண்டிற்கும் இடையில் உண்மை நழுவிப் போயிற்று.

இத்தோல்விக்குப் பின்னர், வகுப்பிற் பாடமாகப் படித்த நன்னூலை வேறு கண்ணோடு திருப்பிப் பார்த்தேன். பவணந்தியார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அறுவகைப்படுத்தினார். ஆசிரியர் மாணாக்கனை வினாவுவது அறிவினா. விடை வினாவுவோர்க்கு முன்னரே தெரியும். மாணாக்கன் ஆசிரியரை வினாவுவது அறியாவினா. விடை அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவே வினாவுகின்றான். ஊராரிடம் செய்திகளைத் தொகுக்கப் புறப்படுவோன் வினாவத்தக்கது இவ்விரண்டாம் வகை ஒன்றே. என் இருபது வினாக்களையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை அறியாவினாவின் உடையில் வந்த அறிவினாக்களாக இருந்தன. விடையை யானே மனத்துள் எழுதி வைத்துக்கொண்டு, ஊராரிடம் ஒப்பம் மட்டும் வாங்கச் சென்றிருந்தேன். சில வினாக்கள் ஏவல்வினாக்களாகவே இருந்தன. 'பிள்ளைகளை நாள்தோறும் தவறாமல் பள்ளிக்கு அனுப்புகிறீர்களல்லவா?' என்பது வினாவன்று. 'அனுப்புக' என்னும் கட்டளையே. அதற்கு 'ஆம்' என்பதன்றி வேறு விடை கூற யார் துணிவர்?

மாணவர் இத்தகைய பணியில் இறங்குதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1915-ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்பார், தம் மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊர்க்குச் செல்லும்பொழுது ஒரு வினாப்பட்டியலையும் உடன்கொண்டு செல்லச் செய்தார். நிலம் எவ்வளவு, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, உண்பது யாது, உடுப்பது யாது என்று அவர்கள் வினாவி எழுதிவந்தவை 1918-இல் தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளிவந்தன. வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு ஆகிய ஊர்கள் அந்நூலால் அறிஞருலகில் அறியப்பட்டன. பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் என்னும் இருவர் மேற்பார்வையில் அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டு, 1940-இல் மற்றொரு நூல் வந்தது. முன்னவர் வினாவியதை ஒட்டிப் பின்னவரும் வினாவினமையாலன்றோ, இடைப்பட்ட இருபதாண்டுகளில் ஊர் எவ்வாறு மாறியது என்று ஒப்பிட முடிந்தது? வினா செம்மையாக இருப்பின் அது வினாவியவனுக்குப் பின்னும் நின்று பயன்தரும்.

இனி, வினாக்களில் நேரும் குற்றங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, சொல்லின் பொருள் இருவர்க்கும் ஒன்றாக இல்லாமை. என் 'வேலை' இதற்குச் சான்று. ஆயின் இப்பிழையைச் செய்தவன் யான் ஒருவனே அல்லேன் என்றறிந்தபோது சிறிது ஆறுதலும் பெரிது வியப்பும் உண்டாயின. இந்திய மக்கட்டொகைக் கணக்கெடுப்பில், 1961-இல் பருவகாலத்தில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் ஒழுங்காக உழைத்தவரும் உழைப்பாளர் எனக் கொள்ளப்பட்டனர். 1971-இலோ ஒருவருடைய முதன்மையான தொழில் யாது என்றே முதற்கண் வினாவப்பட்டது. வயலிற் களையெடுப்பவளும் நாற்று நடுபவளும் தன் முதன்மைத் தொழில் வீட்டைப் பேணுதல் என்றே கூறினாள். அதன் விளைவாக, உழைக்கும் பெண்களின் விழுக்காடு பத்தாண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து தோன்றியது. பெண்கள் உழைப்பதை நிறுத்திவிடவில்லை. வினா அவர்களைக் காண்பதை நிறுத்திவிட்டது. 1991-இல் இக்குறையை நீக்கக் கருதி, 'சென்ற ஆண்டில் எப்பொழுதேனும் வேலை செய்தீரா?' என்னும் வினாவையடுத்து, சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்ததும் அடங்கும் என்னும் தொடர் சேர்க்கப்பட்டது. 1981-இல் நூற்றுக்கு 19.7 ஆக இருந்த பெண்ணுழைப்பாளர் விழுக்காடு 1991-இல் 22.3 ஆயிற்று. ஒரு சிறு தொடர் எத்தனை இலட்சம் பேரை ஒளியிற் கொணர வல்லது என்பதை இதனால் உணரலாம்.

'வீடு', 'குடும்பம்', 'அடிக்கடி', 'வருமானம்' முதலிய சொற்களும் இத்தகையனவே. வெளியூரிற் கூலிவேலை பார்க்கும் மகன் குடும்பத்தைச் சேர்ந்தவனா? ஒரே கூரையின்கீழ்த் தனியே உலைவைக்கும் மூத்த மருமகள் ஒரு குடும்பமா, இரண்டா? கணக்கெடுப்போர் இதற்கு நல்லதொரு வழி கண்டுள்ளனர். ஒரே அடுப்பிற் சமைத்து உண்டு கூடி வாழ்வோரை ஒரு குடும்பம் என வரையறுத்தனர். அடுப்பு எத்தனை என்று வினாவினால் எந்த வீட்டிலும் விடை தெளிவாக வரும். 'அடிக்கடி காய்ச்சல் வருகிறதா?' என்பதினும் 'சென்ற மாதத்தில் எத்தனை முறை காய்ச்சல் வந்தது?' என்பது நன்று. எண்ணத்தக்கதை எண்ணும்படியும், காட்டத்தக்கதைக் காட்டும்படியும் வினாவுதலே முறை.

இரண்டாவது குற்றம், விடையை வினாவே கற்பித்தல். நம் தமிழில் இதற்கு வாயில்கள் பல. 'குடிநீர் வருகிறதா?' என்பது நடுநிலை. 'குடிநீர் வருகிறதுதானே?' என்பதும் 'வருகிறதல்லவா?' என்பதும் 'ஆம்' என்னும் பக்கம் சாய்ந்தவை. 'குடிநீர் வருகிறதாக்கும்?' என்பது 'இல்லை' என்னும் பக்கம் சாய்ந்தது. 'குடிநீராவது வருகிறதா?' என்றால், வேறு எதுவும் கிட்டவில்லை என்று முன்னரே முடிவுகட்டியதாகும். ஓர் இடைச்சொல் தராசின் தட்டை எவ்வளவு தாழ்த்துகின்றது, பாருங்கள்! இலக்கணத்தில் இடையியலை வேம்பென வெறுக்கும் நண்பர்கள் இதனைக் கருதுவாராக.

சொல்லின் இவ்வாற்றலை மேனாட்டார் அளந்தே காட்டியுள்ளனர். டொனால்டு ரக் என்பார் 1941-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அமெரிக்க மக்களுள் ஒரு பகுதியாரிடம், குடியரசு முறைக்கு மாறான மேடைப்பேச்சுக்களை நாடு தடைசெய்ய வேண்டுமா என்று வினாவப்பட்டது. மற்றொரு பகுதியாரிடம், அத்தகைய பேச்சுக்களை நாடு அனுமதிக்க வேண்டுமா என்று வினாவப்பட்டது. கருத்துக் கூறினோருள், 'தடைசெய்க' என்றவர் நூற்றுக்கு 54 பேர். 'அனுமதிக்கற்க' என்றவரோ நூற்றுக்கு 75 பேர். தடைசெய்தலும் அனுமதியாமையும் பயனால் ஒன்றே. ஆயினும் 'தடை' என்னும் சொல்லின் கடுமை பலரைப் பின்வாங்கச் செய்தது. இன்னும், எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்னும் இருவர் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், கார்கள் மோதிக்கொள்ளும் திரைப்படத் துண்டுகளை மாணவர்க்குக் காட்டி, அவை என்ன வேகத்திற் சென்றன என்று வினாவினர். 'நொறுங்க மோதியபொழுது' என்று வினாவப்பட்டோர் கூறியவற்றின் சராசரி மணிக்கு 40.8 மைல். 'ஒன்றையொன்று தொட்டபொழுது' என்று வினாவப்பட்டோர் கூறியது 31.8 மைல். இம்மட்டன்று. மற்றொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீரா என்று வினாவியபொழுது, 'நொறுங்க மோதிய' என்னும் சொல்லைக் கேட்டிருந்த 50 பேருள் 16 பேர் கண்டதாகக் கூறினர். 'இடித்த' என்னும் சொல்லைக் கேட்டிருந்த 50 பேருள் 7 பேரே அவ்வாறு கூறினர். படத்திலோ உடைந்த கண்ணாடி இல்லவே இல்லை! வினா விடையை மட்டுமன்று, நினைவையே திரித்துவிடுகின்றது.

ஒரு நாட்டின் தலைவிதியைத் தீர்க்கும் வாக்கெடுப்பிலும் இதனைக் கருதவேண்டியதாயிற்று. ஸ்காத்லாந்து தனிநாடாதல் குறித்த வாக்கெடுப்பிற்கு, 'ஸ்காத்லாந்து தனிநாடாக வேண்டும் என்பதை ஒப்புகிறீரா?' என்பதே முதலில் எழுதப்பட்ட வினா. 'ஒப்புகிறீரா?' என்பது ஒப்பும்படி தூண்டும் என்று தேர்தல் ஆணையம் 2013-இற் கூற, 'ஸ்காத்லாந்து தனிநாடாக வேண்டுமா?' என்று அது திருத்தப்பட்டது. 2014 செப்டம்பர் 18-இல் மக்கள் வாக்களித்தது இத்திருத்திய வினாவுக்கே. தோற்றவரும் முடிவை ஏற்றுக்கொள்ள வேண்டுமாயின், வினா இருதிறத்தார்க்கும் பொதுவாக நிற்றல் வேண்டுமன்றோ?

மூன்றாவது குற்றம், மயங்க வைத்தல். இது நன்னூலார் நூலுக்குக் கூறிய பத்துக் குற்றங்களுள் ஒன்று, வினாவுக்கும் பொருந்தும். 'இவ்வூரிற் சாலையும் விளக்கும் நன்றாக உள்ளனவா?' என்று வினாவினால், சாலை நன்றாக இருந்து விளக்கு எரியாத தெருவினர் யாது கூறுவர்? ஒரு வினாவில் ஒரு பொருளே இருத்தல் வேண்டும். 'உம்' என்னும் இடைச்சொல் வினாவினுள் வருமாயின், அங்கே இரண்டு வினாக்கள் ஒளிந்துள்ளனவா என்று நோக்குதல் நலம். எதிர்மறையின்மேல் எதிர்மறை அடுக்குதல் இதனினும் கேடு. 1992-இல் அமெரிக்காவில் ரோப்பர் நிறுவனத்தார் நடத்திய ஆய்வில், யூதர்களை நாஜிகள் கொன்றொழித்தது நிகழவேயில்லை என்பது இயலுவதாகத் தோன்றுகிறதா, இயலாததாகத் தோன்றுகிறதா என்னும் பொருள்பட வினாவினர். நூற்றுக்கு 22 பேர், நிகழாதிருக்க இயலும் என்று விடையளித்ததாக முடிவு வெளிவந்து நாடே திடுக்குற்றது. 1994-இல் வினாவைத் தெளிவான சொற்களில் மாற்றி மீண்டும் வினாவியபொழுது அவ்வாறு கூறியவர் நூற்றுக்கு ஒருவரளவே. ஏனையோர் வரலாற்றை மறுத்தவரல்லர். வினாவின் முடிச்சில் அகப்பட்டுக் கொண்டவர். ஒரு பெருந்துயரை மக்கள் மறந்தனர் என்ற பழியை, செம்மையற்ற ஒரு வாக்கியம் அவர்கள்மேற் சுமத்திவிட்டது.

நான்காவது, நினைவின் எல்லையை அறியாமை. சென்ற ஆண்டு முழுதும் அரிசிக்கு எவ்வளவு செலவிட்டீர் என்று வினாவினால், கணக்கெழுதி வைப்போரன்றி யார் சரியாகக் கூற முடியும்? காலவெல்லை எவ்வளவு என்பதே விடையை மாற்றும். இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனத்தார் 1994-க்கும் 1998-க்கும் இடையில் சில வீடுகளில் உணவுச் செலவை முன் 30 நாட்களுக்கும், வேறு சில வீடுகளில் முன் 7 நாட்களுக்கும் வினாவிப் பார்த்தனர். 7 நாட்களுக்கு வினாவியவிடத்து, அதே மாதக் கணக்கிற் கூட்டிப் பார்க்கையிற் செலவு மிகுந்து வந்தது. அதனை மெய்யெனக் கொள்ளின், நாட்டிலுள்ள வறியவர் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து தோன்றும்! ஒருவர் உண்டியிலும் ஒரு பிடி மிகாமல், வினாவிலுள்ள ஓரெண்ணை மாற்றிய அளவில் கோடிக்கணக்கானோர் வறுமை நீங்கினாராகக் கணக்கு மாறுமாயின், வினாவெழுதுவோன் எத்துணை அஞ்சி எழுதவேண்டும்!

வயதும் அத்தகையதே. முதியோரை வயது வினாவினால் ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது என முழு எண்களே குவியும். இது கணக்கெடுப்போர் நெடுங்காலமாக அறிந்த குறை. அதற்கு மாற்றாக அவர்கள் ஊரறிந்த நிகழ்ச்சிகளைத் துணைக்கொள்வர். '1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது உங்களுக்குத் திருமணம் ஆகியிருந்ததா?', '2004-இற் கடல் பொங்கி வந்தபொழுது இப்பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்ததா?' என்று வினாவினால், எண்ணை மறந்தவரும் வாழ்க்கையை நினைவுகூர்ந்து சொல்லுவர்.

ஐந்தாவது, வினாக்களின் வரிசை. முன் வினா பின் வினாவின்மேல் நிழல் வீழ்த்தும். ஹெர்பர்ட் ஹைமன், பால் ஷீட்ஸ்லி என்பார் 1948-இல் நடந்த ஆய்வொன்றை எடுத்துக்காட்டினர். பொதுவுடைமை நாட்டுச் செய்தியாளர் அமெரிக்காவுக்கு வந்து தாம் கண்டவாறு செய்தி அனுப்ப விடலாமா என்று முதலில் வினாவியபொழுது, 'விடலாம்' என்றவர் நூற்றுக்கு 36 பேர். அமெரிக்கச் செய்தியாளர் ருஷியாவுக்குச் சென்று அவ்வாறு செய்யலாமா என்று முன்னர் வினாவிவிட்டு, அதன்பின் இதனை வினாவியபொழுது 73 பேர். தமக்கு வேண்டியதைப் பிறர்க்கும் ஒப்புதல் நேர்மை என்னும் உணர்ச்சி இடையிற் புகுந்தமையே காரணம். ஆதலின் பொதுவானதை முன்னும் சிறப்பானதைப் பின்னும் வைத்தல் வேண்டும். கடன், நோய், குடி முதலிய கூச்சந்தரும் பொருள்களை, பேச்சிற் சிறிது பழக்கம் ஏற்பட்ட பின்னரே, விடை கூற விருப்பமில்லையாயின் விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு வினாவுதல் வேண்டும். 'தெரியாது' என்பதற்கும் தாளில் ஓரிடம் வைத்தல் கடமை. அவ்விடம் இல்லையாயின், தெரியாதவரும் எதையோ கூறுவர். நாமும் அதனை அறிவெனக் கொள்வோம்.

வினா எவ்வளவு செம்மையாயினும், உரியவரை வினாவாவிடின் பயனில்லை. 1936-இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேர்க்குத் தாள் அனுப்பி, 23 இலட்சத்திற்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, குடியரசுத் தலைவர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்று கூறிற்று. வென்றவரோ ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களுள் 46 மாநிலங்கள் அவர் பக்கம். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலும் பெயர்களை எடுத்தமையும், தாளைத் திருப்பியனுப்பியோர் அனைவர்க்கும் பிரதிநிதிகளாக இல்லாமையும் அப்பிழைக்குக் காரணங்களாயின. எங்கள் ஆய்விலும் ஆண்கள் வீட்டில் இருந்தவிடத்து அவரே முன்வந்து மனைவியர்க்காக விடையளித்தனர். பெண்கள் வகுப்பைப் பற்றி ஆடவர் கூறியதைப் பெண்கள் கருத்தெனக் குறித்துக்கொண்டோம்!

வினாவைப்போல விடைக்கும் நன்னூலார் வகை கூறினார். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என அவை எட்டு. தாளும் எழுதுகோலும் கொண்டு செல்வோர், 'ஆம்', 'இல்லை' என்னும் நேரையும் மறையையும் மட்டுமே விடையெனக் கொள்கின்றனர். மக்களோ எட்டு வகையாலும் பேசுகின்றனர். கடன் உண்டா என்று வினாவினேன். ஒருவர், "யாருக்கு ஐயா கடன் இல்லை?" என்றார்; அது வினாதல். "போன வைகாசியில் மகளைக் கட்டிக்கொடுத்தேன்" என்றார் மற்றொருவர்; உற்றது உரைத்தல். "அறுப்பு முடிந்தால் எல்லாம் சரியாய்ப் போகும்" என்றார் ஒருவர், உறுவது கூறல். "கழுத்திற் கிடந்தது பாங்கிற்குப் போயிருக்கிறது" என்றார் ஓர் அம்மையார், அஃது இனமொழி. "அதைப் பெரியவரிடம் கேளுங்கள்" என்றது ஏவல். இவர்களுள் யாரும் விடை கூறாது ஒழியவில்லை. இறுதி ஐந்தும் விடைப்பொருளைத் தருவன என்றே இலக்கணமும் உடன்படுகின்றது. ஆயினும் என் தாளில் அவ்விடங்கள் வெறுமையாகவே இருந்தன. சொல்லியவாறே ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சிறிது இடம் விட்டிருப்பேனாயின், அவ்வூரின் நிலை எனக்குத் தெரிந்திருக்கும்.

இக்குற்றங்களை எல்லாம் அறிந்தவரும் முதன்முறையிற் செம்மையாக எழுதிவிட இயலாது. ஆகவே, வினாக்களைச் சிலரிடம் முன்னரே வினாவிப் பார்த்துத் திருத்துதல் வேண்டும். வங்காளத்திற் சணற்பயிரின் பரப்பை மதிப்பிடுதற்கு மகலனோபிஸ் 1937 முதற்கொண்டு முதலிற் சிறிய முன்னோடி ஆய்வுகள் செய்து, அவற்றின் பிழைகளைக் கண்டு திருத்திய பின்னரே பெரிய ஆய்வில் இறங்கினார். பேரறிஞர்க்கே அது வேண்டியிருந்ததாயின் நமக்குச் சொல்லவேண்டுவதில்லை. வினாவை ஒருவரிடம் படித்துக் காட்டி, 'இதனால் யான் யாது கேட்கின்றேன் என்று நினைக்கிறீர்கள்?' என்று அவரையே சொல்லச் செய்வது யான் கண்ட நல்ல சோதனை.

மீண்டும் அவ்வூருக்குச் செல்ல எங்கள் குழுவினர் இசைந்தனர். இம்முறை இருபது வினாக்கள் ஏழாகக் குறைந்தன. அவ்வேழையும் முதலில் வேறொரு தெருவில் ஐந்து வீடுகளில் வினாவிப் பார்த்து, இரண்டைத் திருத்தினோம். பெண்களைப் பெண் மாணவியரே வினாவினர். 'வேலை' என்ற சொல்லை அறவே நீக்கிவிட்டு, 'நேற்று எழுந்தது முதல் படுக்கும்வரை என்னென்ன செய்தீர்கள்?' என்று வினாவச் செய்தோம். 'சும்மா இருக்கிறேன்' என்ற அதே அம்மையார், வைகறையில் தண்ணீர் பிடித்தது முதல் இரவில் மறுநாளுக்கு இலை ஊறவைத்தது வரையில் சொல்லச் சொல்ல, ஒரு தாள் நிறைந்து மறுதாளும் வேண்டியதாயிற்று. அவர்க்கு ஒழிந்த நேரம் இரவு 8 மணிக்குப் பின்னர் ஒரு மணியளவே என்பது தெரிந்தது.

முதல் முறையில், 'கையெழுத்திடக் கற்க விரும்புகிறீர்களா?' என்று வினாவியிருந்தேன். அனைவரும் 'ஆம்' என்றனர். வீடு தேடி வந்த பிள்ளைகளின் மனம் நோகக் கூடாதென்று கூறிய 'ஆம்' அது என்பதை இப்பொழுது உணர்கின்றேன். இம்முறை, 'எழுதப் படிக்கத் தெரிந்தால் முதலில் எதைப் படித்துப் பார்ப்பீர்கள்?' என்று வினாவினோம். பலர் கூறிய விடை ஒன்றே: "கடையில் என் பெயருக்கு எழுதுகிற கணக்கை." எத்தனை பீடி கொடுத்தோம், எத்தனையைக் கழித்தார்கள், எவ்வளவு கூலி எழுதினார்கள் என்பதைத் தாமே படித்தறிய வேண்டுமாம். கையெழுத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அதனால் எங்கள் வகுப்பில் அகரத்திற்கு முன் எண்கள் கற்பிக்கப்படுகின்றன. இரவு 8 மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் நடைபெறுகின்றது, பதினொருவர் வருகின்றனர், சிலர் சுளகோடும் வருகின்றனர். தாளிற் பெயரெழுதிய நாளில் அந்த அம்மையார் என்னை நோக்கி, "போன தடவையே இதைக் கேட்டிருக்கலாமே, தம்பி?" என்றார். அவர் வினாவியது அறியாவினாவா, ஏவல்வினாவா என்று இலக்கணம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 'கேட்கத் தெரியவில்லை, அம்மா' என்று உற்றது உரைத்தேன்.

நம் கல்லூரியிலிருந்து ஒவ்வோராண்டும் பல குழுவினர் வினாத்தாளோடு ஊர்களுக்குச் செல்கின்றனர். அவர்கள் கொணரும் எண்களைக் கொண்டு வகுப்புக்களும் உதவிகளும் வகுக்கப்படுகின்றன. ஆதலின் அவர்க்கு யான் கூறுவது இதுவே: தாளை எடுத்துக்கொண்டு புறப்படுமுன், ஒவ்வொரு வினாவையும் நோக்கி, இதற்கு வரும் விடை நான் எதிர்பாராததாக இருப்பின் அதனை எழுத என் தாளில் இடமுண்டா என்று உங்களையே வினாவிக்கொள்ளுங்கள். இடமில்லையாயின் அவ்வினாவை அடித்துவிட்டு வேறெழுதுங்கள்.